சிறப்புக் கருவிகள் இல்லாமல் தேய்ந்த பால் ஜாயிண்டை மாற்ற முடியுமா?

கேள்வி – தெம்பனிஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2011இல் சிங்கப்பூரில் பதிவான ஜப்பானியச் செடான் ஒன்று இருக்கிறது. வாகன உரிமைச் சான்றிதழை 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டதால், 2031 வரை அதை நல்ல நிலையில் ஓட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். அண்மைக்காலமாக, பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வேகத்தடைகளை மெதுவாகக் கடக்கும்போதும், ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பிக்கொண்டு இடத்தில் நுழையும்போதும், முன்பக்க இடது சக்கரத்தின் அருகே 'டொக்' என்ற ஓசை எழுகிறது. ஒரு பட்டறையில் காட்டியபோது, கீழ்ப்புற பால் ஜாயிண்ட் (சக்கரப் பகுதியை லோயர் ஆர்மோடு இணைக்கும் பந்துக்கிண்ண மூட்டு) தேய்ந்துவிட்டது, அதன் ரப்பர் உறையும் கிழிந்திருக்கிறது, ஆகவே இரு பக்கமும் லோயர் ஆர்மையே, அதாவது சக்கரப் பகுதியைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையையே, மாற்றிவிட வேண்டும் என்றார்கள்.

பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை நானே மாற்றிப் பழகியிருக்கிறேன். சாக்கெட் செட், தரை ஜாக்கி, இரண்டு தாங்கிகள், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்), சுத்தியல்கள் ஆகியவை கையில் உள்ளன. உறுப்புகளை அழுத்திச் செருகும் பிரஸ் இயந்திரமும் பால் ஜாயிண்டைப் பிரிக்கும் கருவியும் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்க அனுமதி இல்லை என்பதால், சிராங்கூன் கார்டன்ஸில் உள்ள என் மைத்துனரின் தரைவீட்டு முற்றத்தில் வேலை செய்யலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஆண்டுப் பரிசோதனையும் நெருங்குகிறது. இந்தக் கருவிகளோடு இந்த வேலையில் இறங்கலாமா? எந்தக் கட்டத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பதில் 1 – பழைய மெக்கானிக்

வணக்கம் தம்பி. கருவி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், உங்கள் காரில் பால் ஜாயிண்ட் எந்த விதத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிரஸ் வேண்டுமா வேண்டாமா என்பது முழுக்க முழுக்க அதைப் பொறுத்தது. டொயோட்டா கொரோலா ஆல்டிஸின் பல தலைமுறைகளில் ஜாயிண்ட் ஒரு போல்ட்டாலும் இரண்டு நட்டுகளாலும் ஆர்மோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த வகைக்கு பிரஸ் தேவையே இல்லை. சில கார்களில் அது ஆர்மோடு ஒரே உறுப்பாக வரும். அங்கே ஆர்மைத்தான் மாற்ற வேண்டும். மூன்றாவது வகையில் ஆர்மிலோ நக்கிளிலோ (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் உறுப்பு) உள்ள துளைக்குள் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். பட்டறைக்காரர்கள் ஆர்மையே மாற்றச் சொன்னது இரண்டாவது வகையாக இருப்பதாலா, அல்லது ஆர்மின் புஷ்களும் (அது சட்டத்தோடு சேரும் இடத்து ரப்பர் உருளைகள்) வெடித்திருப்பதாலா என்று அவர்களிடமே கேளுங்கள். புஷ்கள் போயிருந்தால் அவர்கள் சொன்னது நியாயமான யோசனைதான்.

கழற்றுவதற்கு முன், ஓசைக்குக் காரணம் அந்த ஜாயிண்ட்தான் என்பதை நீங்களே ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மேக்ஃபர்சன் என்ற முன்பக்க சஸ்பென்ஷன் அமைப்பில் காரின் எடை ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த உறுப்பு) வழியாகச் சக்கரத்துக்குப் போகிறதே தவிர, கீழ் ஜாயிண்ட் வழியாகப் போவதில்லை. ஆகவே காரைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, சக்கரம் தொங்கும் நிலையில் அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்டினால் தேய்மானம் தெரிந்துவிடும். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஜாயிண்டின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்தவுடன் ஆட்டம் மறைந்தால் பெரும்பாலும் சக்கர பேரிங்தான் குற்றவாளி. ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையே நெம்புகம்பியைக் கொடுத்து மெல்ல நெம்பும்போது குமிழ் தன் கிண்ணத்துக்குள் மேலும் கீழும் நகர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இரு சக்கரங்களையும் சேர்க்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பு தேய்ந்தாலும் இதே போன்ற ஓசை வரும். அதையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

எடையைத் தாங்கவில்லை என்பதால் இந்த ஜாயிண்டை இலேசாக எண்ணிவிட வேண்டாம். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் சக்கரத்தின் கீழ்ப்பகுதியை இடத்தில் பிடித்து வைப்பது அதுதான். அது கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்துவிடும். விரைவுச்சாலையில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விரலுக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால், மாற்றும்வரை காரை வெளியே எடுக்காதீர்கள்.

இனி வேலை. முன்பக்கச் சக்கரங்கள் இரண்டையுமே தூக்குங்கள். ஒன்றை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு ஆர்மை மேல்நோக்கித் தள்ளும், நீங்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். ஸ்டெபிலைசர் இணைப்பையும் கழற்றிவிட்டால் ஆர்ம் தாராளமாகக் கீழே இறங்கும். தரைவீட்டு முற்றங்கள் பலவற்றில் தரை ஓடுகள் பதித்திருப்பார்கள். தாங்கிகளின் கால்களுக்கு அடியில் தடிமனான ஒட்டுப்பலகையை வையுங்கள். சுத்தியல் அடிக்கும் வேலை என்பதால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை வைக்கக் கூடாது.

நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை எடுத்துவிட்டு, ஜாயிண்டின் தண்டிலுள்ள நட்டைத் தளர்த்துங்கள். ஆனால் முழுவதும் கழற்றாமல் சில புரிகள் பிடித்திருக்கும்படி விட்டுவையுங்கள். பிடி விடும் தருணத்தில் ஆர்ம் வேகமாகக் கீழே பாயும். அதைத் தடுப்பது அந்த நட்தான். நட்டுக்கு மேலேயே டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) இருக்கும் கார்களில் அதைத் திருக இடம் போதாது. அப்போது ஷாஃப்டைச் சக்கரத்தின் மையமான ஹப்பிலிருந்து விடுவிக்க நேரும். அதன் பெரிய நட் பல கார்களில் 200 நியூட்டன் மீட்டருக்கும் மேல் இறுக்கப்பட்டிருக்கும் என்பதால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி முதலிலேயே அதைத் தளர்த்திவிடுங்கள்.

ஜாயிண்டின் தண்டு கூம்பு வடிவில் நக்கிளின் துளைக்குள் இறுகியிருக்கும். பிரிக்கும் கருவி இல்லாதவர்கள் தண்டின் தலையில் அடிக்கிறார்கள். அது புரியைச் சிதைக்குமே தவிர பிடியை விடுவிக்காது. அடிக்க வேண்டிய இடம் தண்டைச் சுற்றியுள்ள நக்கிளின் கண். ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணை கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால், கண் கணப்பொழுது நீள்வட்டமாகி கூம்பின் பிடியை விட்டுவிடும். அதே நேரத்தில் ஒருவர் நீண்ட கம்பியால் ஆர்மைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தால் வேலை விரைவாக முடியும். இந்த முறை இரும்பு நக்கிளுக்கு மட்டுமே. அலுமினிய நக்கிள் என்றால் அடிக்காதீர்கள், விரிசல் விடும். அதற்குத் திருகு வகைப் பிரிப்பானை வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

போல்ட் வகையாக இருந்தால், ஜாயிண்ட் ஆர்மோடு இணைந்திருக்கும்போதே கூம்பை விடுவித்துவிட்டு, அதன்பிறகு ஆர்ம் போல்ட்டைக் கழற்றுங்கள். வரிசையை மாற்றினால் நக்கிள் அந்தரத்தில் தொங்கும், அடியின் வேகம் முழுவதும் ஆட்டத்திலேயே வீணாகும்.

பதில் 2 – ஊபி வாசகர்

மேலே நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். மூன்றாவது வகை ஜாயிண்ட் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

துளைக்குள் செருகப்பட்ட ஜாயிண்டை வைஸ், பெரிய சாக்கெட்டுகள், சி கிளாம்ப் ஆகியவற்றைக் கொண்டு வெளியேற்றும் காணொளிகள் ஏராளமாக உள்ளன. வெளியே எடுப்பது முடியக்கூடியதுதான். தடை வளையம் இருந்தால் அதை முதலில் நீக்கிவிட வேண்டும். சிரமம் புதியதை உள்ளே செலுத்துவதில் இருக்கிறது. இம்மியளவு சாய்ந்து நுழைந்தாலும் துளையின் சுவர் சுரண்டப்படும், அடுத்த ஜாயிண்ட் அங்கே உறுதியாக நிற்காது. வீட்டில் சுத்தியலால் அடித்துச் செருகுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்மைச் சூடாக்குவதும் கூடாது, ஏனெனில் அருகிலேயே ரப்பர் புஷ்கள் இருக்கின்றன.

ஜாயிண்ட் ஆர்மில் இருந்தால் அந்த ஆர்மை மட்டும் கழற்றி, புதிய ஜாயிண்டோடு சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பகுதிகளில் பிரஸ் வைத்திருக்கும் ஏதேனும் ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்று அழுத்தித் தரச் சொல்லலாம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கொண்டுவரும் உறுப்பை எல்லோரும் தொட மாட்டார்கள். ஜாயிண்டும் புஷ்களும் சேர்ந்த முழு ஆர்ம் உங்கள் காருக்குக் கிடைக்குமானால் அதையே வாங்குவது பழைய காருக்கு நல்லது என்பது என் கருத்து. 14, 15 ஆண்டுகள் நம் வெயிலிலும் மழையிலும் உழைத்த புஷ்கள் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

முழு ஆர்மை மாற்றுபவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துபோகும். கையால் திருகிவிட்டு, கார் தன் சொந்த எடையில் நிற்கும் உயரத்துக்கு வந்த பிறகே டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள்.

மறுகேள்வி – தெம்பனிஸ்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. காரின் அடியில் விளக்கடித்துப் பார்த்தேன், போல்ட் வகைதான். புஷ்களில் வெடிப்பு எதுவும் தென்படவில்லை. நக்கிளில் காந்தம் ஒட்டுகிறது. புதிய ஜாயிண்டைப் பொருத்தும்போது, நட்டோடு சேர்ந்து தண்டும் சுழன்றால் என்ன செய்வது? பரிசோதனைக்குப் போகும் முன் வேறு எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பதில் 3 – பழைய மெக்கானிக்

காந்தம் ஒட்டினால் இரும்புதான். இரண்டு சுத்தியல் முறை உங்களுக்குப் பொருந்தும்.

முதலில் நக்கிளின் கூம்புத் துளையைத் துணியால் துடைத்து, எண்ணெயும் துருவும் இல்லாமல் உலர்வாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கிரீஸ் தடவக் கூடாது. தண்டு சுழன்றால், ஆர்மின் அடியில் ஜாக்கியை வைத்து மெல்ல உயர்த்துங்கள். கூம்பு துளைக்குள் இறுகி நிற்கும், சுழற்சி நின்றுவிடும். கார் தாங்கியிலிருந்து எழும்பும் அளவுக்கு உயர்த்திவிடாதீர்கள். நட்டை உங்கள் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கிய பிறகு காட்டர் பின் துளை நேர்ப்படவில்லை என்றால், அடுத்த பள்ளம் வரும்வரை இன்னும் சற்று இறுக்க வேண்டுமே தவிர, ஒருபோதும் தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய காட்டர் பின்னை மறுபடியும் போடாதீர்கள். அதன் விலை சில காசுகள்தான், அது காப்பதோ முழுச் சக்கரத்தையும்.

நக்கிளை வெளியே இழுக்கும்போது டிரைவ் ஷாஃப்டையும் சேர்த்து இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்ட் தன் கூட்டிலிருந்து விலகிவிடும். பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் இழுபடாதபடி கம்பியால் தாங்கிக் கட்டுங்கள். புதிய ஜாயிண்டின் ரப்பர் உறை மெல்லியது, ஸ்பேனர் நுனி பட்டால் கிழியும். உறை கிழிந்தால் நம் ஊர் மழைநீர் உள்ளே புகுந்து, கிரீஸைக் கழுவி, புதிய ஜாயிண்டையும் சீக்கிரமே தேய்த்துவிடும். வலது பக்கத்தையும் இப்போதே ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் முதலில் அக்கம்பக்கத் தெருக்களில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து நட்டுகள் அனைத்தையும் மறுபடி சோதியுங்கள். பிறகு வீல் அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்துகொள்ளுங்கள். ஸ்டீயரிங் நேராக நின்றாலும் இதைத் தவிர்க்க வேண்டாம், ஏனெனில் தேய்ந்த ஜாயிண்டோடு ஓடிய காலத்தில் செய்த அளவுகள் இப்போது பொருந்தாமல் போயிருக்கலாம். டயரின் உள்விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 10 ஆண்டுகளைத் தாண்டிய கார் என்பதால் உங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனை உண்டு. அங்கே டயரையும் பார்ப்பார்கள், காரின் அடியில் நின்று ஜாயிண்டுகளையும் ஆட்டிப் பார்ப்பார்கள். அலைன்மெண்ட் முடித்த பிறகே அதற்கு நேரம் பதிவு செய்யுங்கள்.