1969 ட்ரையம்ப் போனவில் மோட்டார் சைக்கிள்: லூகாஸ் ரெக்டிஃபயருக்குப் பதில் சதுர பிரிட்ஜ் போடலாமா?

வெள்ளவத்தை650:
12 வோல்ற், பொசிட்டிவ் எர்த் (பற்றரி பிளஸ்தான் பிரேமோட). 3000 ஆர்பிஎம்மில் பிடிச்சாலும் பற்றரி 12.3ஐத் தாண்டுதில்லை. ஸ்டேட்டர் (எஞ்சினில மின் உண்டாக்கிற சுருள்) வயர் ரெண்டையும் கழற்றி ஏசியில பார்த்தால் ரேஸ் ஏற வோல்ற்றும் ஏறுது, எர்த்தோட ஷோர்ட்டும் இல்லை. சீற்றுக்குக் கீழ ஏசியை டிசி ஆக்கிற பழைய தகட்டு ரெக்டிஃபயர்தான் கிடக்கு. பஞ்சிகாவத்தையில அதே சாமானைத் தேடி அலையிறதா, புறக்கோட்டையில வாங்கக்கூடிய, நாலு டயோட்டும் ஒண்டா அடைச்ச சதுர பிரிட்ஜ் போதுமா?

கொட்டாஞ்சேனை ஸ்பானர்:
எறிய முதல் எர்த்தைப் பாருங்கோ. அந்த ரெக்டிஃபயருக்கு நடுப் போல்ட்தான் பொசிட்டிவ். கடற்காத்துப் படுற இடத்தில போல்ட்டுக்குக் கீழ கறள் பிடிச்சாலே சார்ஜ் நிண்டிடும். சுரண்டி வெறும் உலோகம் தெரிய வையுங்கோ.

கழற்றேக்க ரெண்டு ஸ்பானர் வேணும்: ஒண்டு போல்ட் தலை அசையாமல் பிடிக்க, மற்றது பிரேம் பக்க நட்டுக்கு. தகடுகளை இறுக்கி வைச்சிருக்கிற நட்டைத் தொடவே வேண்டாம். தகடு கொஞ்சம் திரும்பினாலே உள்ளுக்குள்ள தொடுப்பு அறுந்திடும். நல்லா இருந்ததையும் கழற்றேக்க கொல்லுறது இப்பிடித்தான்.

பிறகு மீற்றரை டயோட்டில வைச்சு, ஒவ்வொரு ஏசி முனையிலயிருந்தும் போல்ட்டுக்கும் நெகட்டிவ் முனைக்கும் பாருங்கோ. மொத்தம் நாலு டயோட். ஒரு பக்கம் 0.4–0.6, மாற்றிப் பிடிச்சால் ஓஎல் (OL, மின் போகேல்லை எண்டு அர்த்தம்) காட்டவேணும். ரெண்டு பக்கமும் ஓஎல் எண்டால் அறுந்தது, சார்ஜ் அரைவாசிதான் வரும். ரெண்டு பக்கமும் பூச்சியம் எண்டால் ஷோர்ட், ஸ்டேட்டர் சும்மா சூடாகும்.

தெஹிவளை டயோட்:
பிரிட்ஜ் தாராளமாப் போதும். கேபிபிசி 3510 கேளுங்கோ: 35 அம்பியர், 1000 வோல்ற். நாலு முனையில ஒண்டு மட்டும் மற்றதுகளுக்குக் குறுக்காத் திரும்பி நிக்கும், அது பிளஸ். அதுக்கு மூலைக்கு மூலை எதிர்ல மைனஸ். மிச்சம் ரெண்டும் ஏசி, ஸ்டேட்டர் வயரை எப்பிடி மாற்றிக் குடுத்தாலும் பரவாயில்லை.

எல்லாரும் சறுக்கிற இடம் இதுதான்: இதின்ர உலோக அடிக்கும் டயோட்டுகளுக்கும் தொடர்பே இல்லை. லூகாஸ் மாதிரி பிரேமில பூட்டினவுடன எர்த் வந்திடாது. பிளஸ்ஸிலயிருந்து தனியா ஒரு தடிச்ச வயரை பற்றரி பொசிட்டிவுக்கு இழுங்கோ. மைனஸ், பழைய டிசி வயருக்கு.

10 அம்பியர் ஓடேக்க ஏறக்குறைய 20 வாற் சூடு வரும். அதால பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள ஒட்டாதேங்கோ. தெர்மல் பேஸ்ற் பூசி, அலுமினியத் தகட்டில 5 எம்எம் போல்ட்டால இறுக்குங்கோ. 6.3 எம்எம் ஸ்பேட் டெர்மினலைச் சரியான கிரிம்ப் குறட்டால அமத்தவேணும். பற்றரிக்குக் கிட்ட 15 அம்பியர் பியூஸ் கட்டாயம். பற்றரியை மறந்து மாறிப் பூட்டினால் நாலு டயோட்டும் சேர்ந்து கடத்தும், பியூஸ் இல்லாட்டி வயரே எரியும்.

வெள்ளவத்தை650:
நன்றி அண்ணாமார். சுரண்டியும் மாற்றமில்லை, ஒரு டயோட் ரெண்டு பக்கமும் ஓஎல். பிரிட்ஜ் போட்டால் லைட்டுக்குக் கீழ இருக்கிற ஸேனரைக் கழற்றவேணுமா?

தெஹிவளை டயோட்:
வேண்டாம். பிரிட்ஜ் ஏசியை டிசி ஆக்கும், அவ்வளவுதான். வோல்ற்றைக் கட்டுப்படுத்திறது ஸேனர். ரெகுலேற்றரும் சேர்ந்த ஒரே பெட்டி போட்டால்தான் ஸேனர் வயரைக் கழற்றி, நுனிக்கு டேப் சுத்தி விடவேணும்.

கொட்டாஞ்சேனை ஸ்பானர்:
பூட்டினாப் பிறகு லைட்டை அணைச்சு 3000இல பாருங்கோ, 13.5–14.5 வரவேணும். வராட்டி ஸேனர் வயரை ஒரு நிமிஷம் மட்டும் கழற்றிப் பாருங்கோ. உடன ஏறினால் ஸேனர்தான் ஒழுகுது.