களுதாவளை வீடு குழு: அம்மம்மாவின் ஊஞ்சல் பாட்டும் லப்டொப்பும்

வெள்ளி

நான் (மாலை 6.12): மாமா, அம்மம்மாவின் ஊஞ்சல் பாட்டை இன்று லப்டொப்பில் பதிந்தேன். கேட்டுப் பாருங்கள்.

நான்: [ஒலிக் கோப்பு 0:48]

நான்: இழுத்துப் பாடுகிற இடமெல்லாம் அறுந்து அறுந்து வருகிறது. நேரில் அப்படியில்லை. அவவுக்கு மூச்சு நன்றாகத்தான் நின்றது.

பெரியம்மா: நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை.

அக்கரைப்பற்று சின்னம்மா: புது லப்டொப்தானே பிள்ளை? வாங்கின இடத்திலே திருப்பிக் கொடு.

தம்பி: மைக் பழுது போல.

கல்லடி மாமா (6.31): பொறுங்கள். மைக் பழுது என்றால் பேச்சும் அறுந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் அம்மா "பாடட்டா மகள்" என்று கேட்பது தெளிவாக இருக்கிறது. பாட்டு மட்டும்தான் அறுகிறது. லப்டொப்பில் ஒரு பழுதும் இல்லை.

நான்: அப்ப ஏன் மாமா?

கல்லடி மாமா: லப்டொப் மைக்கை இப்போது சூமில் கதைக்கிறவர்களுக்கு ஏற்ற மாதிரித்தான் அமைத்து விடுகிறார்கள். இரைச்சலை நீக்குகிற வேலை உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். ஃபேன், ஏசி, தண்ணி மோட்டார் எல்லாம் ஒரே சுருதியில் நீளமாகக் கேட்கிற சத்தங்கள். பேச்சு அப்படியில்லை, ஏறும், இறங்கும், நடுவில் இடைவெளி விழும். ஆகவே ஏறாமல் இறங்காமல் நீளுகிற எதையும் அது இரைச்சல் என்று எடுத்து அமுக்கிவிடும். அம்மா "ஆ" என்று இழுத்து நிற்கிற இடம் அதற்கு ஃபேன் சத்தம். கைத்தாளத்தையும் மேசையில் தட்டுகிற சத்தம் என்று வெட்டியிருக்கும், திரும்பக் கேட்டுப்பார்.

நான்: ஓம் மாமா! தாளம் கேட்கவே இல்லை. நான் கவனிக்கவில்லை, பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லடி மாமா: விண்டோஸ் 11தானே? செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட். அங்கே இன்புட் என்கிற பகுதியில் உன் மைக்கின் பெயரைத் தட்டு. உள்ளே ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று இருக்கும், அதை ஒஃப் ஆக்கு. மறுகா லப்டொப் கொம்பனி போட்டுவிட்ட அப் ஒன்றும் இருக்கும். அதிலும் நொய்ஸ் என்று ஏதாவது இருந்தால் அதையும் நிறுத்து. ஒன்றை நிறுத்தி மற்றதை விட்டால் பலன் இல்லை.

தம்பி: சூமில் பாட்டு வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரிஜினல் சவுண்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதற்காகத்தானா?

கல்லடி மாமா: அதேதான். சங்கீத வகுப்புக்குக் கட்டாயம் அதைப் போட வேண்டும்.

லண்டன் அண்ணா (7.05): நான் அனுப்பிவிட்ட சட்டையில் குத்துகிற மைக் என்ன ஆனது? அதை ஏன் பாவிக்கவில்லை?

நான்: செருகினேன் அண்ணா, லப்டொப் அதைக் காட்டவே இல்லை. உள்மைக்தான் வேலை செய்தது.

கல்லடி மாமா: பிளக்கைக் கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடு.

நான்: [படம்]

கல்லடி மாமா: கறுப்பு வளையம் எத்தனை தெரிகிறது? எனக்கு இரண்டு.

நான்: இரண்டுதான் மாமா.

கல்லடி மாமா: அது கமராவுக்கு உரிய பிளக். 3.5 மில்லிமீற்றர் என்றால் எல்லாம் ஒன்று போலத்தான் வெளியில் தெரியும். உன் லப்டொப்பில் ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. அந்த ஓட்டைக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள பிளக் வேண்டும். மூன்று வளையம் என்றால் உலோகம் நாலு துண்டாகப் பிரியும்: இடது காது, வலது காது, எர்த், மைக். இரண்டு வளையப் பிளக்கில் மைக்குக்கான அந்த நாலாவது துண்டு இல்லை. லப்டொப் அதை வெறும் ஹெட்ஃபோன் என்று நினைத்துக்கொள்ளும். மாற்றுகிற குட்டி வயர் ஒன்று இருக்கிறது. என்னிடம் கிடக்கிறது, நாளைக்குத் தருகிறேன். வேறு வாங்க வேண்டாம்.

லண்டன் அண்ணா: நல்லது மாமா. நான் பெட்டியில் ஃபோன், கமரா இரண்டுக்கும் என்று போட்டிருந்ததால் வாங்கினேன்.

கல்லடி மாமா: அப்படியென்றால் பெட்டிக்குள்ளேயே அந்த வயர் கிடக்கும். பிள்ளை, ஒருக்கால் அட்டைக்கு அடியில் பார்.

நான்: கிடைத்தது! பொலித்தீன் பைக்குள் இருந்தது.

பெரியப்பா: புளூடூத் ஒன்று காதில் மாட்டுகிறீர்களே, அதனால் பதிய முடியாதா? வயர் பிரச்சினையே வராதே.

கல்லடி மாமா: வேண்டாம் அத்தான். புளூடூத்தில் பாட்டுக் கேட்பது ஒரு முறை, மைக்கோடு கதைப்பது வேறு முறை. அதன் மைக்கைத் திறந்தவுடன் லப்டொப் கதைக்கிற முறைக்கு மாறும். சத்தம் ஃபோன் கோல் மாதிரி ஒடுங்கிப்போகும். அம்மாவின் குரலில் இருக்கிற கரகரப்பு, அந்த மூச்சு, ஒன்றும் மிஞ்சாது.

பெரியப்பா: சரி. இன்னொன்று. நான் லப்டொப்பில் ஹெட்ஃபோன் மாட்டிப் பழைய பாட்டுக் கேட்டால் சிலதில் பாடுகிறவரின் குரலே வருவதில்லை, வாத்தியம்தான் வருகிறது. எனக்கு இடது காது மந்தம் என்று தெரியும்தானே.

கல்லடி மாமா: சில பழைய ஸ்டீரியோப் பதிவுகளில் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறுபக்கமும் போட்டிருப்பார்கள். குரல் இடது பக்கம் போகிறது, அதனால்தான் உங்களுக்குக் கேட்பதில்லை. செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, ஓடியோ, அதில் மொனோ ஓடியோவை ஒன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் கலந்து ஒவ்வொரு காதுக்கும் முழுப்பாட்டும் வரும்.

பெரியப்பா (7.40): வருகிறது. முழுவதும் வருகிறது. இவ்வளவு காலமும் தெரியாது.

பெரியம்மா: இனி அவர் விடிய விடியக் கேட்பார்.

கல்லடி மாமா: சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள் அத்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 80 டெசிபெல்லில் கிழமைக்கு 40 மணித்தியாலம். இருக்கிற நல்ல காதைக் காப்பாற்ற வேண்டும்.

சனி

நான் (காலை 8.20): மாமா, மைக் வேலை செய்கிறது. பாட்டு அறவில்லை, இழுக்கிற இடம் அப்படியே வருகிறது. ஆனால் பின்னால் "ம்ம்ம்" என்று ஒரு உறுமல்.

நான்: [ஒலிக் கோப்பு 0:20]

கல்லடி மாமா: சார்ஜர் செருகியிருக்கிறாயா?

நான்: ஓம்.

கல்லடி மாமா: கழற்று. கழற்றிவிட்டுத் திரும்பப் பதி.

நான் (8.26): போய்விட்டது!!

அக்கரைப்பற்று சின்னம்மா: சார்ஜரில் பாட்டுக்கு என்ன வேலை?

கல்லடி மாமா: நம் வீட்டுக் கறண்ட் 230 வோல்ட், நொடிக்கு 50 தடவை அலைகிறது. மைக் வயரில் வருவது மிக மெல்லிய மின்சாரம். சார்ஜர் வழியாக அந்த அலை கொஞ்சம் ஏறினாலே உறுமலாகக் கேட்கும். பற்றரியில் ஓடினால் இந்த வழி அடைபடும். பதிவுக்கு முதல் நன்றாகச் சார்ஜ் செய்துவிட்டு, பதியும்போது கழற்றி வை. பற்றரி சேமிக்கிற மோடையும் போடு, குரோமை மூடு. உள்ளே சூடு குறைந்தால் லப்டொப்பின் குட்டி ஃபேனும் சுழலாது.

அக்கரைப்பற்று சின்னம்மா: நாள் முழுக்கச் சார்ஜரில் விட்டால் பற்றரி கெடும் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?

கல்லடி மாமா: சூடும் 100 வீதத்திலேயே நிற்பதும்தான் லித்தியம் பற்றரியை முதுமையாக்கும். பல லப்டொப்பில் 80 வீதத்தோடு நிறுத்துகிற வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். பெரிய கெடுதல் வேறு இடத்தில். சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மெத்தையில், தலையணையில் வைத்து வேலை செய்கிறார்கள். அடியில் இருக்கிற காற்றுத் துளை அடைபட்டுக் கொதிக்கும். பல மொடலில் ஸ்பீக்கரும் அடியில்தான் இருக்கிறது. சத்தம் அமுங்கியவுடன் வோல்யூமை 100க்கு மேல் கூட்டுவார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர் கிழிந்துதான் திருத்துவதற்கு என்னிடம் வரும். பலகையிலோ மேசையிலோ வைத்தால் போதும்.

அக்கரைப்பற்று சின்னம்மா: இவனுடையதில் ஹெட்ஃபோனைக் கழற்றினாலும் ஸ்பீக்கரில் சத்தம் வருவதில்லை.

கல்லடி மாமா: கடலுக்குக் கிட்ட இருக்கிறீர்கள். உப்புக்காற்று அந்த ஓட்டைக்குள் பச்சை பிடிக்கச் செய்யும். ஹெட்ஃபோன் இன்னும் உள்ளே இருக்கிறது என்று லப்டொப் நினைத்துக்கொண்டிருக்கும். நிறுத்திவிட்டு, பிளக்கை மெதுவாகச் செருகிச் செருகி எடுக்கச் சொல்லுங்கள், அதிலேயே பல சரிவரும். வராவிட்டால் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் ஒரு துளி, பிளக்கின் முனையில் தடவிச் செருகி, காயவிட்டு ஒன் செய்யலாம். ஊசி வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் வைத்தால் தூசியும் எறும்பும் வந்து குடியேறும்.

பெரியம்மா: நாளைக்கு அம்மா முழுவதும் பாடுகிறேன் என்கிறா. ஊஞ்சல் பாட்டு, நெல் குத்துகிற பாட்டு, கொம்புமுறி விளையாட்டில் தென்சேரிக் கட்சிப் பக்கம் பாடியது எல்லாம். பின்னேரம் வைக்கவா?

கல்லடி மாமா: காலையில் வையுங்கள் அக்கா. சித்திரையில் பின்னேரம் இடி முழக்கம் வரும். இடிக்கு லப்டொப்பையும் கழற்ற வேண்டும், வைஃபை பெட்டியின் வயரையும் கழற்ற வேண்டும். அதோடு கோயில் ஸ்பீக்கரும் அந்நேரம்தான்.

கல்லடி மாமா: பிள்ளை, உனக்கு. நடு அறையில் வை, தகரம் போட்ட பக்கம் வேண்டாம். அலுமாரிக் கதவைத் திறந்து சேலைகள் தெரியட்டும், தரையில் பாய் விரி, எதிரொலி குறையும். சீலிங் ஃபேன் நிறுத்து. அம்மாவுக்கு வியர்க்கும், ஒவ்வொரு பாட்டு முடியவும் போட்டுவிடு, தண்ணி கொடு. மைக் நெஞ்சுக்கு மேலே, வாயிலிருந்து ஒரு சாண். தாலிக்கொடியோ மணியோ அதில் உரசக்கூடாது. லப்டொப்பை வேறு ஸ்டூலில் தள்ளி வை.

கல்லடி மாமா: ஓடாசிட்டி என்கிற பதிவு மென்பொருளில் மொனோ, 44100 ஹேர்ட்ஸ். சத்த அளவைக் காட்டுகிற மீற்றர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெல்லுக்கும் நடுவில் ஆடட்டும். அம்மா உரத்துப் பாடும்போதும் சிவப்பைத் தொடக்கூடாது, சிவந்த இடத்தைப் பிறகு ஒருவராலும் திருத்த முடியாது. பாடத் தொடங்க முன் ஒருவரும் மூச்சுவிடாமல் பத்து நொடி சும்மா பதி. அந்த வெறும் சத்தத்தைக் காட்டித்தான் மறுகா இரைச்சலைக் குறைக்கலாம். அதையும் நகல் எடுத்து அதில் செய், மூலத்தில் கை வைக்காதே.

நான்: சரி மாமா, எழுதி வைத்துவிட்டேன்.

ஞாயிறு

பெரியம்மா (காலை 10.50): முடிந்தது. அம்மா நெல் குத்துகிற பாட்டில் தன் தாயின் பெயரையும் சேர்த்துப் பாடினா. அந்த அடி நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

லண்டன் அண்ணா: எனக்கு உடனே அனுப்பு.

நான்: வொய்ஸ் மெசேஜாகப் போடவா?

கல்லடி மாமா: வேண்டாம். டொகியுமென்ட் என்று இணை. வொய்ஸ் மெசேஜாகப் போனால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டொகியுமென்ட்டாக 2 ஜிபி வரை அப்படியே போகும். நீ பதிந்த முறையில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 5 எம்பி, ஒரு மணித்தியாலம் என்றாலும் 300 எம்பி சொச்சம்தான்.

நான்: [ஆவணம்: ஊஞ்சல்_பாட்டு.வேவ்]

லண்டன் அண்ணா (11.34): கேட்டேன். தாளம், மூச்சு, நடுவில் அம்மம்மா "பொறு மகள்" என்பது, எல்லாம் இருக்கிறது. வேலைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டேன்.

பெரியப்பா: எனக்கும் கேட்கிறது. இரண்டு பக்கமும்.

கல்லடி மாமா: கோப்பின் பெயரில் பாட்டு, பாடியவர், ஊர், திகதி நாலும் இருக்கட்டும். ஒரு பிரதி பென்டிரைவில், ஒன்று கூகுள் டிரைவில், லப்டொப்பில் ஒன்று. 15 ஜிபி இலவசம், தாராளமாகக் காணும். பென்டிரைவை அக்காவிடம் கொடுத்துவிடு, லப்டொப் பையிலேயே இரண்டையும் வைக்காதே.

அக்கரைப்பற்று சின்னம்மா: எங்கள் மாமிக்கும் தாலாட்டு நிறையத் தெரியும். அடுத்த சனி மைக்கோடு இங்கே வா பிள்ளை.

நான்: வருகிறேன் சின்னம்மா. வர முன் அந்த ஹெட்ஃபோன் ஓட்டையையும் பார்த்து வையுங்கள்.