ஸ்கேஃபாய்டு எனும் மணிக்கட்டு எலும்புக்குக் கொடுத்த ஆராய்ச்சிப் பணம் சரியா?

நாண்தையல்:
“கை அறுவை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதில் பிரிட்டன்தான் முன்மாதிரி, ஸ்விஃப்ட் ஆய்வைப் பாருங்கள்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பார்த்தாச்சு. 31 மருத்துவமனை, 439 பேர், எல்லாம் அரசுப் பணம். 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: ஸ்கேஃபாய்டின் ‘இடுப்பு’ எனும் நடுப்பகுதி முறிவில் எலும்புத் துண்டுகளின் விலகல் 2 மி.மீ.க்குள் இருந்தால், உடனே ஸ்க்ரூ போட்டாலும் மாவுக்கட்டு போட்டாலும் ஒரு வருடம் கழித்துக் கை ஒரே மாதிரிதான். அது என்ன 2 மி.மீ.? 1 மி.மீ. தாண்டினாலே விலகிய முறிவு என்றுதானே எல்லோரும் படித்தோம்? அந்தப் பணம் சோன் 2 (உள்ளங்கை மடிப்பிலிருந்து விரலின் நடுப்பகுதி வரை) நாண் தையலுக்கு, அதாவது அறுந்துபோன, விரலை மடக்கும் நாணைத் தைப்பது பற்றிய ஆராய்ச்சிக்குப் போயிருக்க வேண்டும்.

மாவுக்கட்டு:
ஆய்வை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள் சார். கட்டுப் போட்டுவிட்டுக் கைகழுவவில்லை. எலும்பு சேரவில்லை என்று சிடி ஸ்கேனில் உறுதியானால் உடனே ஸ்க்ரூ. அந்த ஏற்பாடும் சேர்ந்ததுதான் ஆய்வு. பெரிய சிக்கல் அறுவைப் பிரிவில் 14%, கட்டுப் பிரிவில் 1%. ஸ்க்ரூ ஒரு நூல் நீளமாகிவிட்டால் மூட்டுக்குள் துருத்தும், குருத்தெலும்பு தேயும். அது தெரியாதா உங்களுக்கு?

நாண்தையல்:
மாவுக்கட்டால் வந்த சிக்கல் கட்டுப் பிரிவில் 18%, அறுவைப் பிரிவில் 2% என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 2 மி.மீ.க்குப் பதில் இன்னும் வரவில்லை.

மாவுக்கட்டு:
அந்த 18% கட்டு தளர்வது, அழுத்துவது போன்றவை. அதையும் மூட்டுக்குள் போன ஸ்க்ரூவையும் ஒரே தராசில் வைக்கிறீர்களா? நன்றாயிருக்கிறது நியாயம்.

பிசியோ_தோழி:
இரண்டு பேரும் டாக்டர்கள் கண்ணால் மட்டுமே பார்க்கிறீர்கள். 2017-இல் பிரிட்டனின் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு வழியாக நோயாளிகள், பராமரிப்பவர்கள், சிகிச்சையாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து கைக்கும் மணிக்கட்டுக்கும் முதல் பத்து ஆராய்ச்சிக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்களே. அந்த வரிசைப்படிதான் பணம் போக வேண்டும்.

நாண்தையல்:
அம்மா, ஸ்விஃப்டில் ஆள் சேர்த்தது 2013 முதல் 2016 வரை. பட்டியல் வந்தது 2017-இல். பின்னால் வந்த பட்டியலைக் காட்டி முன்னால் செலவான பணத்தை நியாயப்படுத்த முடியாது. அந்த அமைப்பு பணமும் தருவதில்லை, கேள்விகளைத்தான் வரிசைப்படுத்துகிறது.

பிசியோ_தோழி:
ஸ்விஃப்டை நான் எங்கே நியாயப்படுத்தினேன்? வாயில் இல்லாத வார்த்தையைத் திணிக்காதீர்கள். போன மாதம் ஸ்ப்லின்ட் (கையை அசையாமல் தாங்கும் பட்டை) பற்றிய விவாத இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

மாவுக்கட்டு:
நாண் தையலுக்குப் பணம் என்கிறீர்களே, கணக்குப் போட்டீர்களா? தைத்த நாண் அறுவது 100-க்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாதியாகக் குறைக்கிறது ஒரு முறை என்று 80% பவரோடு (வித்தியாசம் உண்மையாக இருந்தால் அது ஆய்வில் தெரியவரும் வாய்ப்பு) நிரூபிக்க, பிரிவுக்குச் சுமார் 900 பேர் வேண்டும். இரண்டு பிரிவுக்கு 1,800. 439-க்கே வயிறு எரிகிறவர் 1,800-க்கு எங்கே போவீர்கள்?

நாண்தையல்:
அறுந்ததா இல்லையா என்று மட்டும் யார் அளக்கச் சொன்னது? விரல் மொத்தம் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்தால் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வரும். தையலில் நான்கு நூலிழையா ஆறு நூலிழையா, ஏ4 புல்லியை (நாணை விரல் எலும்போடு பிடித்து வைக்கும் வளையம்) முழுசாகத் திறக்கலாமா, மூன்றாம் நாளே விரலை அசைக்கலாமா: தினமும் தியேட்டரில் எழும் கேள்விகள் இவை. தைத்த இடத்தில் 3 மி.மீ. இடைவெளி விழுந்தால் நாண் வலுப்பெறாது. அங்கே மில்லிமீட்டருக்கு அர்த்தம் இருக்கிறது. உங்கள் 2 மி.மீ.யை எக்ஸ்ரேயில் இரண்டு பேர் அளந்தால் இரண்டு பதில் வரும்.

அம்பத்தூரான்:
பிரிட்டன் கணக்கு நமக்கு எதற்கு? தொழிற்சாலை பவர் பிரஸ்ஸில் நசுங்கும் விரல்களுக்கு முதலில் பணம் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-லேயே கைக்கென்று தனித்துறை தொடங்கிய ஊர் இது.

மாவுக்கட்டு:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள் தோழர். இங்கே பேச்சு ஸ்கேஃபாய்டு.

அம்பத்தூரான்:
நாண் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், நசுங்கிய விரல் பற்றி எழுதினால் தனி இழையா?

நாண்தையல்:
எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். 2 மி.மீ. ஏன் என்று மட்டும் மாவுக்கட்டு சார் இன்னும் சொல்லவில்லை.

மாவுக்கட்டு:
1 மி.மீ. ஏன் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.