கொரியக் குடும்பப் பெயர் ‘பார்க்’: அந்த ‘ர்’ எங்கிருந்து வந்தது?

#1 மொழிப்பித்தன்
நேற்று உலகம்சுற்றி இங்கே ‘கொரியக் குடும்பப் பெயர்களும் பொருளும்’ என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். கிம் என்றால் தங்கம். சரி, சீன எழுத்தின்படி அது சரிதான். அடுத்து லீ என்றால் புல்வெளியாம். பார்க் என்றால் பூங்காவாம், அரசப் பூங்காக்களைக் காவல் காத்த பரம்பரையாம். அதைப் பலர் பகிர்ந்தும் விட்டார்கள்.

காலையில் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஆங்கில அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டா கொரியர்களுக்குப் பெயர் வைத்தார்கள்? லீ என்று நாம் எழுதுவதைச் சியோலில் வெறும் ‘இ’ என்றுதான் சொல்வார்கள். அதன் சீன எழுத்து பிளம் மரத்தைக் குறிக்கும். பார்க் என்பதில் ‘ர்’ என்ற ஓசையே கிடையாது. கொரிய எழுத்தில் அது மூன்றே எழுத்து: பியுப், ஆ, கியொக். ப், அ, க். பக். அவ்வளவுதான். இங்கிலாந்துக்காரர் வாயில் ‘ஏ’வும் ‘ஆர்’உம் சேர்ந்து வந்தால் ஆ என்று நீளும், ர் ஒலிக்காது. அந்தக் கணக்கில் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட ஆர் அது. அதை நாம் தமிழுக்குக் கொண்டுவந்து ‘ர்’ என்று அழுத்திச் சொல்கிறோம்.

பட்டியலைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

#2 உலகம்சுற்றி
பூங்கா விஷயம் எங்கோ படித்தது, அதை விடுங்கள். ஆனால் ‘ர்’ கிடையாது என்று அடித்துச் சொல்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது. 1961-இல் ஆட்சியைப் பிடித்து 1979 வரை நாட்டை ஆண்டவர் பார்க் சுங் ஹீ. அவர் மகள் பார்க் குன் ஹே 2012 தேர்தலில் வென்று அதிபரானார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் ஆர் போட்டுத்தான் எழுதினார்கள். ஒரு நாட்டின் அதிபருக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது, மொழிப்பித்தனுக்குத் தெரியும். அப்படித்தானே?

#3 மொழிப்பித்தன்
அப்படியில்லை. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியது ஆங்கிலம் படிப்பவருக்காக. கோல்ஃப் பார்ப்பவர்களைக் கேளுங்கள். 1998-இல் யு.எஸ். மகளிர் ஓப்பன் வென்ற பக் செ-ரி, ஆங்கிலத்தில் ஆர் போடுவதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பக் இன்-பி, ஆர் போடுகிறார். ஒரே நாடு, ஒரே விளையாட்டு, கொரிய எழுத்தில் ஒரே குடும்பப் பெயர். ஒருவர் பெயரில் ர் ஒலிக்கிறது, இன்னொருவர் பெயரில் ஒலிக்கவில்லை என்பீர்களா?

நம் கதையையே எடுங்கள். கனிமொழி என்ற பெயரின் ‘ழி’யை ஆங்கிலத்தில் ‘இசட் எச்’ போட்டு எழுதுகிறோம். வடக்கே செய்தி வாசிப்பவர் அதைக் ‘கனிமொஜி’ என்று படித்தால் நமக்கு எப்படி எரிகிறது? ‘உங்கள் ஆளே இசட் போட்டிருக்கிறாரே, அதனால் ஜி தான் சரி’ என்று அவர் வாதாடினால் விடுவீர்களா?

#4 செய்திமேசை
நாளிதழ் ஒன்றில் 27 ஆண்டு துணை ஆசிரியராக இருந்தவன் நான். எங்கள் மேசையில் பார்க் என்றுதான் எழுதினோம், இனியும் அப்படித்தான் எழுதுவார்கள். காரணம் வாசகர். பக் என்று தலைப்பு வைத்தால் அச்சுப் பிழை என்று மறுநாளே கடிதம் வரும். மியான்மர் என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்த ர் கூட பர்மியர் வாயில் கிடையாது. அதையும் திருத்தப் போகிறீர்களா? ஹூண்டாய் என்று இருங்காட்டுக்கோட்டை முழுக்கப் பலகை இருக்கிறது. கொரியர் சொல்வது ஹ்யொந்தே மாதிரி ஒலிக்கும். பலகையை எல்லாம் கழற்றப் போகிறீர்களா? வழக்கில் ஊறிய எழுத்தை ஒரு ஆள் வந்து மாற்ற முடியாது.

#5 மொழிப்பித்தன்
ஐயா, மியான்மரில் ர் கிடையாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு தப்பு இருப்பதால் இன்னொரு தப்பு சரியாகிவிடுமா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அங்கே மேலாளர் ஒருவர், பக் புஜாங்-நிம் என்று கூப்பிடுவோம். கொரியாவில் அலுவலகத்தில் குடும்பப் பெயரோடு பதவியைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், இடுபெயரைச் சொன்னால் மரியாதைக் குறைவு. புதிதாக வந்த வாயிற்காவலர் ஒலிபெருக்கியில் ‘மிஸ்டர் பார்க், மிஸ்டர் பார்க்’ என்று ர்-ஐ உருட்டி மூன்று தடவை அழைத்தார். மனுஷன் என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்களைத்தான் அழைக்கிறார்கள் என்று நான் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘அது என் பெயரா?’ என்று கேட்டார். அந்த முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

#6 உலகம்சுற்றி
ஒரு மேலாளருக்குக் காது மந்தமாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பா? தென்கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீ. ரீ! அப்புறம் 2003-இல் பதவிக்கு வந்த ரோ மூ ஹ்யுன். அதிலும் ர். கொரியாவில் ர்-ஐக் கண்டால் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

#7 அன்சான்_குகன்
வணக்கம் அண்ணைமார். இலங்கையில இருந்து வேலை அனுமதியில போய் தென்கொரியாவில் அன்சான் நகரில் நாலரை வருடம் அச்சுவார்ப்புப் பட்டறையில் நின்றவன் நான். ரீ, ரோ விஷயம் வேறு, பக் விஷயம் வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ரீ, ரோ என்ற பெயர்களில் அடியில் உண்மையாகவே ஒரு ரகர லகர எழுத்து இருக்கு. சொல்லின் முதலில் அது வந்தால் தெற்கே உச்சரிக்க மாட்டார்கள், ரீ என்பது இ ஆகும், ரோ என்பது நோ ஆகும். வடக்கே இன்றைக்கும் ரி, ரோ என்றே எழுதுகிறார்கள், சொல்கிறார்கள். தெற்கிலும் 2007-இல் நீதிமன்ற விதியைத் தளர்த்தி, விரும்பினவர்கள் குடும்பப் பதிவில் பழைய எழுத்தைப் போடலாம் என்று விட்டார்கள். பக் என்ற பெயரில் வடக்கிலும் ர் கிடையாது, தெற்கிலும் கிடையாது.

அவர்களுக்கு ர, ற, ல, ள, ழ எல்லாத்துக்கும் ஒரே எழுத்துத்தான். என் முழுப் பெயரில் ழகரம் ஒன்று இருக்கு. பட்டறையில் ஒருவருக்கும் அது வரவில்லை. தமிழ் என்பதையே தமில் மாதிரித்தான் எழுதுவார்கள். சில சொற்களில் எழுத்து இருக்கும், ஓசை இருக்காது. கோழிக்கு அவர்கள் எழுதும் சொல்லில் அடியில் ஒரு ல் இருக்கு, தனியே சொன்னால் தக் என்றுதான் கேட்கும்.

#8 உலகம்சுற்றி
பார்த்தீர்களா! அங்கேயே வாழ்ந்தவர் சொல்கிறார். எழுத்தில் இருக்கும், ஒலிக்காது. பார்க் என்பதிலும் அதேதான் நடந்திருக்கும். நான் முதலிலிருந்து இதைத்தானே சொல்கிறேன்?

#9 மொழிப்பித்தன்
நீங்கள் முதலிலிருந்து சொன்னது பூங்கா!

குகன் சொன்னதைக் கடைசி வரை படியுங்கள். கோழியில் எழுத்து இருக்கிறது. பக்-இல் எழுத்தே இல்லை. மறுபடியும் எண்ணுகிறேன்: பியுப், ஆ, கியொக். மூன்று. நாலாவது எழுத்தை எனக்குக் காட்டுங்கள், இந்தக் குழுமத்தை விட்டே போகிறேன்.

அந்தப் பெயருக்கு அவர்கள் சொல்லும் கதையையாவது தெரிந்துகொள்ளுங்கள். பழங்காலக் கொரிய அரசான சில்லாவை நிறுவிய ஹ்யொக்கொசெ ஒரு பெரிய முட்டையிலிருந்து பிறந்தாராம். அந்த முட்டை சுரைக்காய் வடிவில் இருந்ததாம். சுரைக்காய்க்குக் கொரியச் சொல் பக். அதையே குடும்பப் பெயராக வைத்தார்கள் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இன்றைக்கும் பக் குடும்பத்தார் அனைவரும் அவரைத்தான் முதல் பாட்டனாகச் சொல்கிறார்கள். எழுதும் சீன எழுத்து வேறு, அதற்குப் பொருள் எளிமை. சுரைக்காயில் எங்கே ஐயா ர்?

#10 நிலா_எஸ்
மொழிப்பித்தன் அண்ணா, ர் இல்லை என்பது சரி. ஆனால் ‘பக்’ என்பதும் தப்பு. நம் குறில் அகரம் வாயைப் பாதி மூடிக்கொண்டு வருவது. கொரியர் காதுக்கு அது வேறு உயிரெழுத்தாகக் கேட்கும், சியோல் என்ற சொல்லின் முதல் அசையில் வருகிறதே அந்த ஒலி. பக் என்று நாம் சொன்னால் அவர்களுக்கு ‘பொக்’ மாதிரி விழும். இந்தப் பெயரில் இருப்பது வாய் திறந்து வரும் ஆ. அதனால் பாக் என்று எழுதுவதுதான் கிட்டே வரும்.

அப்புறம் இடுபெயர்களைப் பற்றி ஏன் யாருமே பேசவில்லை? தலைப்பு பெயர்களின் பொருள்தானே? பெரும்பாலும் இரண்டு அசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீன எழுத்து. ஜி என்று கேட்டால் அறிவும் ஆகலாம், மன உறுதியும் ஆகலாம், நிலமும் ஆகலாம். எழுத்தைப் பார்க்காமல் பொருள் சொல்லவே முடியாது. ஹனுல் என்றால் வானம், இசுல் என்றால் பனித்துளி, இவற்றுக்குச் சீன எழுத்தே கிடையாது, தனிக் கொரியச் சொல். எவ்வளவு அழகு!

#11 செய்திமேசை
பாப்பா, நாடகத் தொடர் பார்த்துக் கற்ற மொழியை வைத்துக்கொண்டு பெரியவர்கள் பேசும் இடத்தில் பாடம் எடுக்க வேண்டாம்.

#12 நிலா_எஸ்
தொடர் பார்த்துத்தான் ஆரம்பித்தேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்று, தேர்வும் எழுதினேன். 27 வருடம் மேசையில் உட்கார்ந்து ஒரு நாளாவது ஒரு கொரியரிடம் ‘உங்கள் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள்’ என்று கேட்டீர்களா, ஐயா? என்னைப் பாப்பா என்று கூப்பிடவும் வேண்டாம். எனக்கு 31 வயது.

#13 மொழிப்பித்தன்
நிலா சொல்வது நுணுக்கமான விஷயம். ஆனால் பாக் என்று எழுதினால் நம் ஆட்கள் வெற்றிலை பாக்கு மாதிரி இழுத்துவிடுவார்கள். பக் தான் சரி.

#14 நிலா_எஸ்
ர் போடுகிறவர்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? உங்களுக்கும் ‘பழகிவிட்டது’ தான் காரணம்.

#15 குமரிக்கண்டன்
வேரை விட்டுவிட்டு இலையைப் பிடித்துச் சண்டை போடுகிறீர்கள். கொரியக் குடும்பப் பெயர்களிலேயே தமிழ் இருக்கிறது. கிம்ஹே ஊரைப் பூர்வீகமாகச் சொல்லும் கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ என்ற இரண்டு பெரிய குலங்களுக்கும் தாய் நம் செம்பவளம். பாண்டிய நாட்டிலிருந்து கப்பலேறிப் போய், கொரியாவில் அந்தக் காலத்தில் ஆண்ட சுரோ மன்னனை மணந்தவள். சுரோவின் கல்லறை வாயிலில் இரட்டை மீன் இருக்கிறது. மீன் யாருடைய சின்னம்?

#16 மொழிப்பித்தன்
வந்துவிட்டீர்களா? போன வருடம் தாய்லாந்துப் பெயர்கள் இழையிலும் இதையேதான் செய்தீர்கள். நாற்பது பதிவு போட்டு இழையையே பூட்ட வைத்தீர்கள்.

13-ஆம் நூற்றாண்டில் தொகுத்த சம்குக் யூசா என்ற பழைய கொரிய நூலில் அவள் பெயர் ஹோ ஹ்வாங்-ஒக். கி.பி. 48-இல், 16 வயதில், அயுத்தா என்ற நாட்டிலிருந்து வந்தாள் என்று இருக்கிறது. அந்த அயுத்தாவை அயோத்தி என்று வைத்து 2001-இல் அங்கே நினைவிடமே கட்டிவிட்டார்கள். நீங்கள் பாண்டிய நாடு என்கிறீர்கள். அதை விடுங்கள். ஹ்வாங் என்றால் மஞ்சள், ஒக் என்றால் ஜேட் என்ற மணிக்கல். மஞ்சள் ஜேட் எப்படிச் செந்நிறப் பவளம் ஆயிற்று? நிறமும் வேறு, கல்லும் வேறு. பவளம் கல்லே இல்லை, கடலுயிரின் கூடு!

#17 குமரிக்கண்டன்
தமிழன் பெருமை என்றாலே சிலருக்கு வயிறு எரிகிறது. அப்பா என்பதற்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள்? அப்பா! ஹல்பர்ட் என்ற அமெரிக்கரே நூறு வருடத்துக்கு முன் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். அவருக்கும் மொழிப்பித்தன் பாடம் எடுப்பாரா?

#18 அன்சான்_குகன்
அண்ணை, ஒற்றுமை வேணும் என்றால் இதைப் பாருங்கோ. முன்பு பூசான் நகரை ஆங்கிலத்தில் ‘பி’ (P) போட்டு எழுதினார்கள், 2000-இல் வந்த புது முறையில் அதன் மெல்லொலி எழுத்தை (B) போட்டார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே ப தான், இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். அவர்களுக்கும் அப்படித்தான். கிம் என்பதும் அதே மாதிரி. ஆங்கிலத்துக்குள்ளால போகாமல் நேரே தமிழில் எழுதினால் இந்தச் சண்டையே வராது.

கிம்ஹே கிம் ஆட்கள் கிம்ஹே ஹோ ஆட்களைக் கட்டுவதில்லை என்று என் பட்டறை முதலாளியம்மா சொன்னா. எங்கட ஊரில் பங்காளி வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்பது போல. அவ கல்யாணம் கட்டியும் தகப்பன் வழிப் பெயரை மாற்றவில்லை, அங்கே ஒருத்தரும் மாற்றுவதில்லை.

#19 உலகம்சுற்றி
எல்லாம் சரி, சுற்றி வளைத்து எங்கேயோ போய்விட்டீர்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கடவுச்சீட்டில் ஆர் இருக்கிறதா இல்லையா? அவர்கள் அரசாங்கமே 2000-இல் புது எழுத்துமுறை கொண்டுவந்தபோது ஆட்களின் பெயரை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அவர்கள் ஆர் போடுகிறார்கள். நான் அதை ர் என்று எழுதுகிறேன். இதில் என்ன குற்றம்? பட்டியலை எடுக்க மாட்டேன். பூங்கா என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டேன், அதுவும் நானாகத்தான்.

#20 செய்திமேசை
வழிமொழிகிறேன். பார்க்.

#21 நிலா_எஸ்
பாக்.

#22 மொழிப்பித்தன்
விருப்பத்துக்கு விட்டது ஆங்கில எழுத்தை. கொரிய எழுத்தை யாரும் யாருடைய விருப்பத்துக்கும் விடவில்லை. 2015 கணக்கெடுப்பில் கிம், இ, பக் மூன்று பெயரும் சேர்ந்தால் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்குக் கிட்டே வருகிறது. அதில் பக் குடும்பத்தார் மட்டுமே பல லட்சம் பேர். அவர்கள் பிறந்ததிலிருந்து எழுதிக்கொண்டிருக்கும் மூன்று எழுத்தை உங்கள் ஒரு பட்டியலுக்காக நான் நான்காக்க மாட்டேன்.

லீ என்றால் புல்வெளி என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அதையும் எடுங்கள்.

#23 உலகம்சுற்றி
எடுக்க மாட்டேன். முதலில் நீங்கள் என் மீது பழி போட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.

#24 மொழிப்பித்தன்
பியுப். ஆ. கியொக். நாலாவது எழுத்தைக் காட்டுங்கள், கேட்கிறேன்.