வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார்: டேங்க் நிழல், கரண்ட் கட் சந்தேகம்

கேள்வி:
வணக்கம். தஞ்சாவூர் பக்கம் தனி வீடு. ஏசி ஓடும் மாதங்களில் இரண்டு மாத பில் 800 யூனிட் வரை வருகிறது, மற்ற நேரத்தில் 450, 500. பிரதமர் சூரிய வீடு மானியத் திட்டத்தில் 3 கிலோவாட் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைந்து ஓடும் சோலார்) போடச் சொல்லி ஒருவர் கோட்டேஷன் கொடுத்திருக்கிறார். கரண்ட் போனாலும் பகலில் ஃபேன், லைட் ஓடும் என்கிறார், உண்மையா? மாடியின் தெற்கு ஓரத்தில் தண்ணீர் டேங்க் இருக்கிறது, மேடையோடு சேர்த்து 8 அடி உயரம். இந்த மே மாத வெயிலில் பார்த்தால் அதன் வடக்குப் பக்கம் நிழலே இல்லை, அங்கேயே பேனல் போட்டுவிடலாமா? ஈபி இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது.

பதில் 1:
கரண்ட் போனால் ஓடாது. லைனில் கரண்ட் இல்லை என்றால் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) தானாகவே நின்றுவிடும், அப்படி நிற்க வேண்டும் என்பதுதான் விதி. இல்லையென்றால் உங்கள் மாடியில் இருந்து போகும் மின்சாரம் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து. கரண்ட் போன நேரத்திலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட வேண்டும், விலை நன்றாகவே ஏறும். வீட்டில் ஏற்கெனவே யூபிஎஸ் இருந்தால் கட் நேரத்துக்கு அதையே வைத்துக்கொண்டு, பில்லைக் குறைக்க மட்டும் ஆன்கிரிட் போடுவது நல்லது. இந்த அடிப்படை விஷயத்தையே மாற்றிச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள் சார்.

பதில் 2:
நிழல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தஞ்சாவூரில் மே, ஜூன் மாதங்களில் உச்சி வெயில் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும், அதனால் டேங்க் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாயும்போது அதே நிழல் வடக்கே நீளும். நண்பகலில் 8 அடி டேங்குக்கு ஐந்தரை அடி, காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் 12 அடி வரை போகும். பேனல்களை வரிசையாகக் கோத்துத்தான் இணைப்பார்கள், ஒன்றில் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே இழுத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் மழை மேகத்தால் உற்பத்தி எப்படியும் குறைவு, அதோடு நிழலும் சேர்ந்தால் வெறுத்துப் போகும். டேங்கை வடக்கு ஓரத்துக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் டேங்கிலிருந்து 15 அடியாவது தள்ளிப் பேனல் வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. 15 அடி விட்டால் மீதி இடம் சுமார் 220 சதுர அடிதான். அப்படியானால் 2 கிலோவாட் போதுமா?

பதில் 2:
கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் 220 சதுர அடியில் 2 தான் தாராளமாக நிற்கும். ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும், 2 என்றால் இரண்டு மாதத்துக்கு 480, 3 என்றால் 720. கோடையில் 800 எடுக்கும் உங்களுக்கு 3 தான் பொருத்தம். 500 யூனிட் தாண்டினால் கட்டண விகிதம் ஏறிவிடும், அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க 2 கிலோவாட்டே போதும், ஆனால் 3 போட்டால் பில் இன்னும் குறையும். மானியமும் 2க்கு 60,000, 3க்கு 78,000. நான் உங்கள் இடத்தில் இருந்தால் டேங்கைத்தான் நகர்த்துவேன்.

பதில் 3:
முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள் தம்பி. விண்ணப்பம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் போகும், மானியம் பிற்பாடு வங்கிக் கணக்குக்கு வருவதால் பெயர் பொருந்தாவிட்டால் அலைச்சல். முழுப் பணத்தையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டும், நெட் மீட்டர் (ஈபியிடம் வாங்குவது, ஈபிக்கு அனுப்புவது இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைத்து ஓட ஆரம்பித்த பிறகுதான் மானியம் வரும். கோட்டேஷனில் பேனல் இந்தியத் தயாரிப்பு செல் (பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு தகடு) கொண்டதா என்று எழுத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் மானியம் கிடையாது. எர்த் குழி மூன்று கேளுங்கள்: பேனல் பக்கம், இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் வரும் பக்கம், இடிதாங்கி என்று தனித்தனியாக. ஒரே குழியில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டவர்:
சரிங்க ஐயா, வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கிறது, திங்கள்கிழமை ஈபி அலுவலகம் போகிறேன். டேங்கை நகர்த்த பிளம்பரையும் வரச் சொல்லியிருக்கிறேன், கோட்டேஷன் வேறு இரண்டு பேரிடம் வாங்குகிறேன்.