மானிட்டர் அணையவே மாட்டேங்குது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க (கடலூர், புதுச்சேரி)

ஜெராக்ஸ் கடை, திருப்பாதிரிப்புலியூர்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போடுற கடை வெச்சிருக்கேன். ரெண்டு சிஸ்டம். ரெண்டுலயும் விண்டோஸ் 11. பத்து நிமிஷம் யாரும் தொடலைன்னா ஸ்கிரீன் அணையணும்னு ரெண்டுலயும் போட்டிருக்கேன். உள்ளே இருக்கறது ஒழுங்கா அணையுது. கவுன்ட்டர்ல இருக்கறது மட்டும், நான் சாப்பிட்டுட்டு வந்தாலும் பளிச்சுன்னு எரிஞ்சுட்டே நிக்குது. பார்க்க வந்தவர் "போர்டு போயிடுச்சும்மா, புது மானிட்டர் வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். படம் கண்ணாடி மாதிரி தெரியுது, இதைப் போய் எதுக்குத் தூக்கிப் போடணும்? யாருக்காவது இப்படி வந்திருக்கா?

சர்வீஸ் தம்பி, மஞ்சக்குப்பம்

அக்கா, இப்போதைக்கு வாங்காதீங்க. மானிட்டர் தன் இஷ்டத்துக்குத் தூங்கறதில்ல. கம்ப்யூட்டர் சிக்னலை நிறுத்தினாத்தான் அது தூங்கும். அதனால, கம்ப்யூட்டர் சிக்னலை நிறுத்துதா இல்லையான்னு முதல்ல தெரியணும்.

எங்கிட்ட யார் இந்தப் புகாரோட வந்தாலும் முதல்ல ஒண்ணு கேட்பேன். ஸ்கிரீன் அணையவே இல்லையா, இல்ல அணைஞ்சு கொஞ்ச நேரத்துல தானா திரும்ப வருதா? அணையவே இல்லைன்னா பெரும்பாலும் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். அணைஞ்சு திரும்ப வருதுன்னா கேபிளையும் மானிட்டரையும் சந்தேகப்படலாம். உங்களோடது முதல் ரகம்.

விண்டோஸ்ல எந்த புரோகிராமும் "ஸ்கிரீனை அணைக்காதே"ன்னு கேட்டு வாங்கிக்கலாம். படம் பார்க்கறப்போ பாதியில அணையாம இருக்கறது அதனாலதான். சில புரோகிராம் வேலை முடிஞ்சும் அந்தப் பிடியை விடாது. பிடிச்சிட்டிருக்கறது யாருன்னு விண்டோஸே சொல்லும். கமாண்ட் ப்ராம்ப்டை, அதான் கட்டளை அடிக்கற கறுப்பு ஜன்னலை, அட்மினிஸ்ட்ரேட்டரா திறங்க. பவர்ங்கற சொல்லோட சி, எஃப், ஜி மூணு எழுத்தையும் ஒட்டி அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ரிக்வெஸ்ட்ஸ்னு அடிச்சு என்டர் தட்டுங்க. டிஸ்ப்ளே, சிஸ்டம், அவேமோடுன்னு தலைப்புகள் வரிசையா வரும். டிஸ்ப்ளேக்குக் கீழே ஏதாவது பேர் இருந்தா ஆள் அகப்பட்டான். எல்லாத்துக்கும் கீழே ‘நன்’னு வந்தா எந்த புரோகிராமும் பிடிக்கல.

கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸ். ராத்திரியெல்லாம் மானிட்டர் எரியுதுன்னு கூப்பிட்டாங்க. ஏற்கெனவே ஒருத்தர் விண்டோஸை அழிச்சு மறுபடி போட்டுக் கொடுத்திருக்கார், அதுக்குப் பிறகும் அப்படியேதான். நான் போய் இந்தக் கட்டளையை அடிச்சா, டிஸ்ப்ளேக்குக் கீழே ஒரு வீடியோ மீட்டிங் புரோகிராமோட முழுப் பாதையும் வந்து நிக்குது. சார் காலையில காணொலி விசாரணையில சேர்ந்திருக்கார், முடிஞ்சதும் ஜன்னலைச் சுருக்கி வெச்சுட்டு எழுந்து போயிடுவார். மீட்டிங்கை விட்டு வெளியே வரணும்னு யாரும் அவருக்குச் சொல்லித் தரல. குமாஸ்தாகிட்ட சொன்னேன், "அண்ணே, சாயங்காலம் ஃபைல் கட்டும்போது இதையும் மூடிடுங்க." அவ்வளவுதான்.

சாய்கோட்டுக்குப் பிறகு ரிக்வெஸ்ட்ஸ்ஓவர்ரைடுன்னு இன்னொரு கட்டளை இருக்கு. குறிப்பிட்ட ஒரு புரோகிராம் கேட்டாலும் கண்டுக்காதேன்னு விண்டோஸுக்கே சொல்லி வைக்கலாம். நான் அதைப் பெரும்பாலும் போடறதில்ல. ஆறு மாசம் கழிச்சு, மீட்டிங் நடுவுல ஸ்கிரீன் அணையுதுன்னு அவங்களே கூப்பிடுவாங்க.

ஜெராக்ஸ் கடை, திருப்பாதிரிப்புலியூர்

அடிச்சுப் பார்த்தேன் தம்பி. எல்லாத்துக்கும் கீழே ‘நன்’தான்.

சர்வீஸ் தம்பி, மஞ்சக்குப்பம்

அப்போ யாரோ தொட்டுட்டே இருக்காங்கன்னு சிஸ்டம் நினைக்குது. யூஎஸ்பில என்னென்ன சொருகி வெச்சிருக்கீங்கன்னு பாருங்க. மவுஸ், கைரேகை மெஷின், கேம் கன்ட்ரோலர் எதுவா இருந்தாலும் ஒண்ணொண்ணா எடுத்துட்டு, ஸ்கிரீன் நேரத்தை ஒரு நிமிஷமா மாத்தி வெச்சுட்டு வேடிக்கை பாருங்க.

ஆல்பம் டிசைனர், முத்தியால்பேட்டை

தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. நான் கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன், வரையறதுக்குப் பேனா டேப்லெட் வெச்சிருக்கேன். டீக்குப் போகும்போது பேனாவை டேப்லெட் மேலயே படுக்க வெச்சுட்டுப் போறது பழக்கம். பேனா முனை தகட்டைத் தொட வேண்டியதே இல்ல, ஒரு விரக்கடை உயரத்துல இருந்தாலே அது கண்டுபிடிச்சுடும். ஸ்கிரீனை உத்துப் பார்த்தா அம்புக்குறி இருந்த இடத்துலயே ஒரு புள்ளி இந்தப் பக்கம், ஒரு புள்ளி அந்தப் பக்கம் நடுங்கிட்டே கிடந்துது. அந்த நடுக்கம் போதும், யாரோ வேலை பார்த்துட்டு இருக்காங்கன்னு விண்டோஸ் நம்பிடும். இப்போ பேனாவை ஸ்டாண்டுல நட்டு வெச்சுட்டுத்தான் எழுந்திருக்கறேன். விளையாடுற ஜாய்ஸ்டிக்கும் தேய்ஞ்சு போனா நடுவுல நிக்காம இதே வேலையைத்தான் பண்ணும், வீட்ல பசங்க இருந்தா பாருங்க.

ஐடி வேலை, லாஸ்பேட்டை

எனக்கு ரெண்டாவது ரகம். ஆபீஸ் லேப்டாப், எல்லாக் கேபிளையும் ஒரே இடத்துல சேர்க்கற டாக் பெட்டி, அதுல டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்ல ரெண்டு மானிட்டர். ராத்திரி லாக் பண்ணிட்டுப் படுத்தா ரெண்டும் அணையும். அஞ்சாறு நொடியில ஒண்ணு கண்ணைத் திறக்கும், அது திறந்த கையோட இன்னொண்ணும் திறக்கும், ரெண்டும் மறுபடி அணையும், மறுபடி திறக்கும். ஒரே ரூம்ல தூங்கற என் தம்பி "இன்னாடா இது, டிஸ்கோ லைட்டா?"ன்னு கேட்டுட்டு ஹாலுக்குப் பாயைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

காரணம் இதுதான். சில மானிட்டர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனதும், ‘நான் இங்கே சொருகியிருக்கேன்’னு கேபிள் வழியா கம்ப்யூட்டருக்குக் கொடுத்துட்டு இருந்த அடையாளத்தையும் சேர்த்தே நிறுத்திடும். கம்ப்யூட்டர், கேபிளை உருவிட்டாங்கன்னு நினைச்சு, இருக்கற ஜன்னல்களையெல்லாம் மிச்சமிருக்கற மானிட்டருக்கு அள்ளிப் போடும். அந்த அசைவுல மிச்சமிருந்தது முழிச்சுக்கும். காலையில வந்து பார்த்தா எல்லா ஜன்னலும் ஒரே ஸ்கிரீன்ல குவிஞ்சு கிடக்குதா? அப்போ உங்களுக்கும் இதேதான்.

மானிட்டர் பட்டனை அழுத்தினா வர்ற மெனுவுல டீப் ஸ்லீப்னு இருந்தா அதை ஆஃப் பண்ணுங்க. ஆட்டோ சோர்ஸ், இல்லைன்னா ஆட்டோ இன்புட்னு இருந்தா அதையும் ஆஃப் பண்ணி, எந்தக் கேபிள்ல வருதோ அதையே நிரந்தரமா வெச்சுடுங்க. ஆட்டோவுல விட்டா சிக்னல் போனதும் அது வீடு வீடா கதவைத் தட்டற மாதிரி ஒவ்வொரு போர்ட்டா போய்ப் பார்க்கும், அந்தச் சத்தத்துலயே கம்ப்யூட்டர் எழுந்துக்கும். எனக்கு இந்த ரெண்டும் மாத்தினதுல சரியாச்சு. சில மாடல்ல டீப் ஸ்லீப் மெனுவே கிடையாது. அவங்க டிஸ்ப்ளேபோர்ட்டை விட்டுட்டு எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறிப் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை, நெல்லிக்குப்பம்

எங்க முதலாளிக்கு ஸ்கிரீன் சேவர் ஓடுதுன்னா மானிட்டர் தூங்குதுன்னு கணக்கு. குமிழி மிதந்தாலும் விளக்கு எரிஞ்சுட்டுத்தானே சார் இருக்கும்? சொன்னா கேட்கமாட்டார். சாதாரண 24 அங்குல எல்இடி மானிட்டர் சுமார் 20 வாட் இழுக்கும்னு வெச்சுக்கிட்டா, ராத்திரி 12 மணி நேரத்துக்கு கால் யூனிட் கிட்ட ஆகுது. மாசத்துக்கு ஏழு யூனிட் சொச்சம், அதுவும் ஒரு மானிட்டருக்கு மட்டும். ஆபீஸ்ல எட்டு இருக்கு. தூங்குற மானிட்டர் அரை வாட்கூட இழுக்காது.

எடைமேடை, கடலூர் முதுநகர்

எங்களுக்கு வந்தது கேபிள் கோளாறு, இங்கே யாருக்காவது உதவலாம். துறைமுகத்துப் பக்கம் லாரி எடைமேடை ரூம். பழைய கம்ப்யூட்டர், விஜிஏ கேபிள். ஸ்கிரீன் அணையற நேரத்துக்கு அணையாம, ‘கேபிளைச் சரிபார்க்கவும்’னு ஒரு பெட்டி கறுப்புத் திரையில அங்கேயும் இங்கேயும் நகர்ந்துட்டே இருக்கும். விடிய விடிய ஓடும்.

விஜிஏல ஸ்கிரீனைத் தூங்க வைக்கற முறை 1993ல வந்தது, டிபிஎம்எஸ்னு பேர். படத்தைக் கிடைமட்டமாவும் செங்குத்தாவும் ஒழுங்குபடுத்தற ரெண்டு சிக்னல் கேபிள்ல போகும். ரெண்டையும் கம்ப்யூட்டர் நிறுத்தினா மானிட்டர் தூங்கணும். ஆனா கேபிள் சொருகியிருக்கா இல்லையான்னே மானிட்டருக்குச் சந்தேகம் வந்துட்டா, தூங்காம நம்மைக் கூப்பிட ஆரம்பிச்சுடும். கழட்டிப் பார்த்தேன். பித்தளைப் பாத்திரத்துல களிம்பு ஏறின நிறத்துல பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது, ஓரமா ஒரு பின் கறுத்தே போச்சு. உப்புக்காத்து. இந்தப் பக்கம் ஜன்னல் கம்பியே தாங்காது, இது எந்த மூலை! புதுக் கேபிள் போட்டேன். அன்னிக்கு ராத்திரியே அணைஞ்சுது. கடலோரத்துல இருக்கறவங்க மானிட்டரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கேபிளைக் கழட்டி வெளிச்சத்துல பாருங்க.

பள்ளி ஆசிரியர், வில்லியனூர்

லினக்ஸ்காரர்கள் யாராவது இருந்தால்: டெர்மினலில் எக்ஸ்செட் என்று அடித்து, இடைவெளி விட்டு, கியூ எழுத்தை அடித்தால் டிபிஎம்எஸ் இயங்குகிறதா, அணைக்கப்பட்டிருக்கிறதா என்று கடைசிப் பகுதியில் தெரியும். ஆனால் இது லினக்ஸில் திரையில் படம் காட்டும் பழைய எக்ஸ் முறையில்தான் பயன்படும், அதற்குப் பதிலாக வந்த புதிய வேலண்ட் முறை டெஸ்க்டாப்பில் அதை நம்ப வேண்டாம். மேக் வைத்திருப்பவர்கள் பிஎம்செட் கட்டளையில் அசர்ஷன்ஸ் கேட்டுப் பார்க்கலாம். விண்டோஸில் தம்பி சொன்ன அதே விசாரணைதான்.

ஜெராக்ஸ் கடை, திருப்பாதிரிப்புலியூர்

கண்டுபிடிச்சாச்சு! கைரேகை மெஷினை எடுத்தேன், அணையல. ஸ்கேனரை எடுத்தேன், அணையல. மவுஸை உருவினேன், ஒரு நிமிஷத்துல பட்டுனு அணைஞ்சுது. மவுஸ் புதுசுதான். கவுன்ட்டர் மேல் தகடு கண்ணாடி, அதுக்கு அடியில போட்டோ மாதிரியெல்லாம் பரப்பி வெச்சிருக்கேன், மவுஸ் அந்தக் கண்ணாடி மேலதான் கிடக்கும். ஆல்பம் தம்பி சொன்னாரே நடுக்கம், அதே நடுக்கம். யாரும் தொடாமலே அம்புக்குறி துடிக்குது. அதுவும் மேல டியூப் லைட் எரியறப்போ ஜாஸ்தி. பழைய பரீட்சை அட்டை ஒண்ணை அடியில போட்டேன், சரியாப் போச்சு. மானிட்டர் காசு மிச்சம்.

இன்னொண்ணு தம்பி. உள்ளே இருக்கற சிஸ்டம் அணையுதுன்னு சொன்னேன்ல, அது சில நாள் காலையில கடை திறக்கறப்போ ஆன்ல இருக்கு. முந்தின நாள் தூங்க வெச்சுட்டுத்தான் போவேன்.

சர்வீஸ் தம்பி, மஞ்சக்குப்பம்

அது வேற விஷயம்க்கா, அங்கே மானிட்டர் மட்டும் இல்ல, கம்ப்யூட்டரே முழிச்சுக்குது. காலையில பார்த்த உடனே, வேற எதையும் தொடாம, அதே பவர்சிஎஃப்ஜி கட்டளையில ரிக்வெஸ்ட்ஸுக்குப் பதில் லாஸ்ட்வேக்னு ஒட்டி அடிங்க. கடைசியா எழுப்பினது எதுன்னு காட்டும். நெட்வொர்க் கார்டு பேர் வந்தா, டிவைஸ் மேனேஜர்ல அந்தக் கார்டை ரைட் கிளிக் பண்ணி, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல "இந்தச் சாதனம் கம்ப்யூட்டரை எழுப்பலாம்"னு இருக்கற டிக்கை எடுத்துடுங்க. கார்டு பேர் வராம டைமர்னு வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்க, பார்த்துக்கலாம்.