அம்மாவின் பதற்றம்: தமிழில் பேசும் உளவியலாளர் தேவை

வணக்கம். மதுரையில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 58. நான்கு மாதத்துக்கு முன் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் திடீரென்று நெஞ்சு படபடத்து, கை மரத்து, மூச்சு முட்டியது. "உயிர் போகுதுடா" என்று நகம் பதிய என் கையைப் பிடித்துக்கொண்டார். இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரி. மருத்துவர் இது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடுமையான பயத் தாக்குதல் என்றார். அப்புறம் இன்னும் மூன்று முறை வந்துவிட்டது. இப்போது பஸ் ஏறுவதே இல்லை. தெருமுனைக் கடைக்குக்கூடத் துணை வேண்டும்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். சிபிடி என்னும் பேச்சு சிகிச்சை பற்றி அங்கேதான் தெரிந்தது. படபடப்பு வந்ததும் மாரடைப்பு என்று மனம் முடிவு கட்ட, அந்தப் பயமே படபடப்பைக் கூட்டுகிறது. அதைப் பேசிப் புரியவைத்து, முதலில் பஸ் நிறுத்தம் வரை, அடுத்து ஒரு ஸ்டாப் என்று மெல்லப் பழக்குவார்களாம். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்றபோது எனக்கு உறைத்தது. துணைக்குப் போய்ப் போய் நானும் அதை வளர்த்திருக்கிறேன்.

"நான் என்ன பைத்தியமா?" என்று அம்மா கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

மதுரையில் சிபிடி செய்யும், தமிழில் பேசும் உளவியலாளர் யாரையாவது தெரியுமா? பெண்ணாக இருந்தால் அம்மா மனம் திறப்பார். ஆன்லைனில் செய்தவர்களுக்குப் பலன் கிடைத்ததா? வீட்டுப் பெரியவர்களை முதல் தடவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? மாத்திரை பெயர் மட்டும் வேண்டாம், அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.